வண்டூர் சாலையில் ஒரு காய்ச்சலின் சரித்திரம்



பட்டணத்தில் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் அந்தமானுக்கு விடுமுறைப் பிரயாணம் செல்லுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். உங்களில் சிலருக்கு அங்கே சொந்தக்காரரும் உண்டு. அப்படிப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடங்களில் ஒன்று தெற்கு அந்தமானின் மேற்குக் கரையிலுள்ள வண்டூர். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 30 கிலோமீட்டர் தொலைவு. பேருந்திலும் போகலாம், வாடகைக் காரிலும் போகலாம். பேருந்தில் போவதே நல்லது என்பேன். வழியிலுள்ளவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

வழியில் சிப்பிகாட் என்னும் இடத்தில் சாலையோரம் நீர் தேங்கிக் கிடப்பதைக் காண்பீர்கள். அது ஏரியன்று. 2004 டிசம்பர் 26 அன்று பூமி அதிர்ந்தபோது தெற்கு அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவில்லை. வயலாய் இருந்தவை உப்பு நீர்ப் பரப்பாயின. வண்டூர்க் கடற்கரையிலும் வேரோடு சாய்ந்த பெருமரங்கள் வெயிலில் வெளுத்து, எலும்புகளைப்போல் மணலில் கிடக்கின்றன. இன்று அவற்றின்மேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள்.

'வண்டூர்' என்ற பெயரே நம் காதுக்குப் பழக்கமானதாக ஒலிக்கிறதல்லவா? அது கடல் தாண்டி வந்த பெயர். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு வண்டூர் உண்டு, மஞ்சேரியும் உண்டு. 1921-ல் மலபாரில் நடந்த மாப்பிள்ளைக் கலகத்திற்குப் பின் நாடு கடத்தப்பட்டவர்கள், தங்களுடைய ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து தெற்கு அந்தமானின் காடுகளுக்குச் சூட்டினார்கள். இங்கும் ஒரு மஞ்சேரி, ஒரு மண்ணார்காடு, ஒரு திரூர். பிறந்த ஊரின் பெயரை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு வேற்று மண்ணில் வாழ்வதன் வேதனை நமக்கு விளக்கப்படவேண்டியதில்லை.

வண்டூர்ப் படகுத்துறையிலிருந்து மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகுகள் புறப்படுகின்றன. 1983-ல் ஏற்படுத்தப்பட்ட இப்பூங்கா, தீவுகளும் கடலுமாக 281 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. வறண்ட மாதங்களில் ஜாலிபாய் தீவுக்கும், மற்ற மாதங்களில் ரெட்ஸ்கின் தீவுக்கும் அழைத்துச் செல்வார்கள். பவளப்பாறைகளைக் கண்ணாடித் தளமிட்ட படகிலிருந்து பார்க்கலாம். பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுபோக அனுமதியில்லை. கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறது; அதை அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். உவர்நீர் முதலைகள் இப்பகுதியின் அலையாத்திக் காடுகளில் உண்மையாகவே வாழ்கின்றன.

ஆனால் முதலையைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. முதலைக்குப் பலகை இருக்கிறது. பலகை இல்லாத ஒன்றைப் பற்றியே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. மே முதல் டிசம்பர் வரை மண் காய்வதே அரிது. அந்த ஈர மண்ணில் வயல்கள், வயல்களில் எலிகள், வீடுதோறும் மாடும் பன்றியும் நாயும். வடக்கு அந்தமானில் திக்லிபூர் என்ற ஊர் உண்டு. போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். 1988 முதல், மழைக்காலத்தின் கடைசியில், அங்கே ஒரு விபரீதமான காய்ச்சல் ஆண்டுதோறும் தலைகாட்டிற்று. நல்ல சரீர பலமுள்ள உழவர்கள் காய்ச்சலோடு படுப்பார்கள். தலைவலியும் சரீர வலியும் இருக்கும். சில நாட்களுக்குள் மூச்சுத் திணறும். இருமினால் இரத்தம் வரும். சிலர் மருத்துவமனையில் சேர்ந்து வெகு சீக்கிரத்தில் மரித்தார்கள்.

என்ன வியாதி? அறிந்த பெயர் எதுவும் பொருந்தவில்லை. ஆகையால் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று அதற்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். வாசகரே, ஒரு வியாதிக்கு ஊர்ப் பெயர் சூட்டப்பட்டால், அநேகமாக அதன் காரணம் இன்னும் தெரியவில்லை என்பதே பொருள். பெயர் இருந்தது; மருந்து இன்னதென்று தெரியவில்லை. ஐந்து ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

போர்ட் பிளேரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே டாக்டர் எஸ். சி. சேகலும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1993-ஆம் ஆண்டின் நோயாளிகளுடைய இரத்தத்தைச் சோதித்தபோது விடை கிடைத்தது. அது புதிய வியாதியே அல்ல. லெப்டோஸ்பைரோசிஸ், நம் ஜனங்கள் சொல்லும் எலிக் காய்ச்சல். 1995-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அதைப் பிரசுரித்தார்கள்.

எலிக் காய்ச்சலை ஏன் முன்னமே கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1886-ல் ஜெர்மனியில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர் இவ்வியாதியை விவரித்தபோது, மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பழுதும் சேர்ந்த காய்ச்சலாகவே விவரித்தார். பாடநூல்களும் அதையே முதன்மையாகச் சொல்லிவந்தன. கண்ணில் மஞ்சள் தெரிந்தால் எலிக் காய்ச்சல் நினைவுக்கு வரும். திக்லிபூரிலோ வியாதி நுரையீரலைத் தாக்கிற்று. மஞ்சளை எதிர்பார்த்த இடத்தில் இரத்தம் வந்தது. அதே 1995-ன் அக்டோபரில், உலகத்தின் மறுபுறத்திலுள்ள நிகராகுவா தேசத்திலும் பெருமழைக்குப் பின் காமாலையில்லாமல் நுரையீரலில் இரத்தம் கசியும் காய்ச்சல் பரவிற்று. முதலில் டெங்குவோ என்று ஐயுற்றார்கள். அதுவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்றே முடிவாயிற்று.

இதைவிட என் மனதை உறுத்துவது வேறொன்று. அந்தமான் கைதிக் குடியேற்றமாய் இருந்த காலத்திலேயே டெய்லர், கோயல் என்னும் இருவர் இத்தீவுகளில் லெப்டோஸ்பைரோசிஸ் இருப்பதை ஆராய்ந்து, 1931-ல் தனி நூலாகவே எழுதி வைத்திருந்தார்கள். மலபாரிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டி வயல் சமைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்நூல் நூலகங்களில் இருந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே தீவுகளில் அதே வியாதி வந்தபோது, அது புதிதாகவே தோன்றிற்று.

கிருமியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அது திருகாணியைப்போல் சுருண்ட மெல்லிய நுண்ணுயிரி. நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். 1907-ல் ஸ்டிம்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மஞ்சள் காய்ச்சலில் மரித்ததாக எண்ணப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தில் இதைக் கண்டார். கேள்விக்குறிபோல் இருந்ததால் 'இன்டெரோகன்ஸ்' என்று பெயரிட்டார். கேள்வி கேட்டாலொழிய அகப்படாத வியாதிக்குப் பொருத்தமான பெயர்தான்.

எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரகத்தில் அது குடியிருந்து, சிறுநீரோடு வெளியேறுகிறது. நன்னீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கடலின் உப்பு அதற்கு ஆகாது. எனவே வண்டூரில் நீங்கள் பயப்படவேண்டியது அலையைக் குறித்தல்ல; கடற்கரைக்குப் பின்னாலுள்ள வயல், ஓடை, மழைக் குட்டை, மாட்டுக் கொட்டிலின் சேறு ஆகியவற்றைக் குறித்தே. காலிலுள்ள சிறு கீறல் போதும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். உழவர்கள் ரப்பர் காலணி அணியவேண்டும் என்று புத்தகங்கள் சொல்லுகின்றன. நாற்று நடும் சேற்றில் காலணியோடு பத்து அடி நடந்து பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

கிருமி நுழைந்து காய்ச்சல் காண இரண்டு நாள் முதல் முப்பது நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரம். இதைக் கவனியுங்கள். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணிநேரத்தில் வந்துவிடுகிறீர்கள். கப்பலில் வந்தாலும் மூன்று நாள்தான். ஆகவே வியாதி தீவில் தெரியாது. இங்கே, உங்கள் தெருவிலுள்ள மருத்துவரின் அறையில்தான் தெரியும். அவர் டெங்குவுக்குச் சோதிப்பார், மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் சோதிப்பார். அது சரிதான். நீங்கள் இரண்டு வாரத்திற்கு முன் எந்த நீரில் கால் வைத்தீர்கள் என்பதை நீங்கள் சொன்னால் அல்லாமல் அவர் அறிய வழியில்லை.

சில அடையாளங்கள் உண்டு: கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலிக்கும், கண் சிவந்திருக்கும், ஆனால் பீளை தள்ளாது. இவை எல்லாருக்கும் வருவதில்லை. சோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எதிர்ப்புப் பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை, முதல் ஐந்தாறு நாட்களில் வியாதி இருந்தாலும் 'இல்லை' என்று காட்டக்கூடும். உறுதியான முறையில், உயிருள்ள கிருமிகளோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, அவை ஒன்றோடொன்று திரளுகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்து ஒப்பிடவேண்டும். அதுவரை காத்திருந்தால் நுரையீரல் காத்திராது. இரத்தக் கசிவு முற்றிய நிலையில் பாதிப்பேருக்கு மேல் மரிக்க நேரிடுகிறது. ஆகையால் பலமான சந்தேகம் இருந்தால் முடிவு வருமுன்னே மருந்தைத் தொடங்குகிறார்கள். மருந்தோ பழையது, மலிவானது: பென்சிலின், டாக்சிசைக்ளின், செஃப்ட்ரியாக்சோன். தொடக்கத்தில் கொடுத்தால் பெரும்பாலோர் சொஸ்தமாகிவிடுகிறார்கள். முற்றியவர்களுக்கு டயாலிசிஸும் செயற்கைச் சுவாசமும் தேவைப்படலாம்.

அப்படியானால் முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அதையும் அந்தமானிலேயே சோதித்திருக்கிறார்கள். வடக்கு அந்தமானில் 782 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு டாக்சிசைக்ளினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். கிருமி உள்ளே போவதை மருந்து தடுக்கவில்லை. ஆனால் வியாதியாய் வெளிப்பட்டது மருந்து உண்டவர்களில் 3.11 சதவீதம், உண்ணாதவர்களில் 6.82 சதவீதம். முடிவு 2000-ல் வெளியாயிற்று. இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போய் நீங்களே வாங்கி விழுங்கவேண்டாம். கர்ப்பவதிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது பொதுவாகக் கொடுக்கத்தகாத மருந்து. மருத்துவரிடம் கேளுங்கள்.

இது தீவுக்காரரின் வியாதி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1993-ன் பிற்பகுதியில் மதுரைப் பக்கத்தில் பெருவெள்ளம் வந்தது. மறு ஆண்டு அரவிந்த் கண் மருத்துவமனையில் யுவியைட்டிஸ் என்னும் உட்கண் அழற்சியோடு வழக்கத்துக்கு மாறாக அநேகர் வரத் தொடங்கினர். டாக்டர் எஸ். ஆர். ரத்தினம் முதலானவர்கள் ஆராய்ந்து, 73 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: வெள்ள நீரில் தொற்றிய லெப்டோஸ்பைரோசிஸ், மாதங்கள் கழித்துக் கண்ணில் வெளிப்பட்டிருந்தது. கண் சிவந்து வந்தவரிடம், போன ஆண்டு எந்தத் தண்ணீரில் நடந்தீர்கள் என்று கேட்க யாருக்குத் தோன்றும்? அவர்களுக்குத் தோன்றிற்று. 2015 டிசம்பரில் சென்னையில் இடுப்பளவு நீரில் நடந்த நம்மில் எத்தனை பேர், பின்வந்த காய்ச்சலின்போது அதை மருத்துவரிடம் சொன்னோம்? 2015-ல் வெளியான ஒரு கணக்கின்படி உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இவ்வியாதி வருகிறது. ஏறக்குறைய 59,000 பேர் மரிக்கிறார்கள்.

ஆகவே வண்டூருக்குத் தாராளமாய்ப் போங்கள். ஓடையையும் வயலையும் வெறுங்காலோடு கடக்கவேண்டாம். காலில் புண் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். குட்டை நீரில் முகம் கழுவாதீர்கள். கொதித்தாறிய நீரையே பருகுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு துண்டுத் தாளில், எந்தத் தேதியில் எங்கே இருந்தீர்கள், எந்த நீரில் இறங்கினீர்கள் என்று எழுதி, மருத்துவச் சீட்டுகள் வைக்கும் பையிலேயே போட்டுவையுங்கள். ஒரு மாதத்திற்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், டாக்டர் கேட்குமுன் அந்தத் தாளை அவர் மேசைமேல் வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழிந்துவிட்டால் தாளைக் கிழித்துப் போடலாம். சாய்ந்த மரத்தின்மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள்.