கடலோடு போன டிரம்மர்... 31 வருடம் கழித்துத் திரும்பி வந்த ஆல்பம்!

1983, டிசம்பர் 28. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றே நாள். கலிஃபோர்னியாவின் மரினா டெல் ரே படகுத்துறையில், குளிர்ந்த தண்ணீருக்குள் ஒருவர் திரும்பத் திரும்ப முங்கி எழுந்துகொண்டிருந்தார். சில வருடங்களுக்கு முன்பு அதே இடத்தில்தான் அவருடைய 'ஹார்மனி' என்ற படகு நின்றது. கடன் கழுத்தை நெரித்ததில் படகு கைவிட்டுப் போய்விட்டது. ஒரு காலத்தில் அந்தப் படகிலிருந்து தானே தூக்கி எறிந்த பொருள்களைத் தேடித்தான் அன்று அவர் முங்கினார். நன்றாகக் குடித்திருந்தார். சில பொருள்கள் கிடைக்கவும் செய்தன. கடைசியாக ஒருமுறை உள்ளே போனவர், மேலே வரவில்லை.

அவர் பெயர் டென்னிஸ் வில்சன். வயது 39. உலகமே அறிந்த 'பீச் பாய்ஸ்' இசைக்குழுவின் டிரம்மர்.

கடலும் அலையும் கோடை வெயிலும் நிறைந்த பாடல்களால் 1960-களில் அமெரிக்காவையே ஆடவைத்த குழு அது. ஹாதார்ன் என்ற ஊரில் 1961-ல் தொடங்கியது. பிரையன், டென்னிஸ், கார்ல் என்று மூன்று சகோதரர்கள். அத்தை மகன் மைக் லவ். பிரையனின் நண்பர் அல் ஜார்டின். இதில் வேடிக்கை என்னவென்றால், அலைச்சறுக்கைப் பற்றிப் பாடிப் பாடியே பெயர் வாங்கிய அந்தக் குழுவில், பலகையோடு கடலில் இறங்கிப் பழகியவர் டென்னிஸ் ஒருவர்தான். 'சர்ஃபிங் பற்றி ஒரு பாட்டு போடலாம்' என்ற யோசனையும் அவருடையதுதான்.

ஆனாலும், வீட்டில் அவரை யாரும் இசைக்காரராக நினைக்கவில்லை. அவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா வற்புறுத்தியதால்தான் குழுவில் இடம் கிடைத்தது என்று சொல்வார்கள். அண்ணன் பிரையன் மேதை. தம்பி கார்லுக்குத் தேன் குரல். நடுப்பிள்ளை டென்னிஸ்? முரட்டுப் பையன், அழகன், பெண் ரசிகைகளின் செல்லம். அவ்வளவுதான்!

கை உடைந்தது... கதவு திறந்தது

1971-ல் ஒரு விபத்து. கண்ணாடியில் கை பட்டு ஆழமாக வெட்டிவிட்டது. சில வருடங்களுக்கு அவரால் முன்புபோல் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை. மேடையில் பியானோவுக்கு மாறினார். அதற்கு முன்பே தனக்குத் தெரிந்த அளவில் பியானோவில் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது அதிலேயே மூழ்கினார். சான்டா மோனிகாவில் குழுவுக்குச் சொந்தமாக இருந்த 'பிரதர்' ஸ்டூடியோதான் அவருக்கு வீடு மாதிரி ஆனது.

1977-ல் வெளியானது 'பசிபிக் ஓஷன் ப்ளூ'. பீச் பாய்ஸ் உறுப்பினர்களில் முதலில் தனி ஆல்பம் வெளியிட்டவர், யாரும் எதிர்பார்க்காத அந்த நடுப்பிள்ளைதான். நண்பர் கிரெக் ஜேகப்சனோடு சேர்ந்து அதைத் தயாரித்திருந்தார். பல கருவிகளை அவரே வாசித்திருந்தார்.

குழுவின் பழைய துள்ளல் பாடல்களை நினைத்துக்கொண்டு இதைக் கேட்பவர்கள் திகைத்துப்போவார்கள். தேவாலயப் பாடகர் குழு போல எழும் கூட்டுக் குரல்கள், கனமான பித்தளை வாத்தியங்கள், அவற்றின் நடுவே தனியாக ஒரு பியானோ. மேலே, குடியும் சிகரெட்டும் தேய்த்துவிட்ட ஒரு கரகரத்த குரல். பல இடங்களில் அது உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். அந்தக் குரலை மெருகேற்றி மறைக்காமல் விட்டதுதான் இந்த ஆல்பத்தின் பலம்.

விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால், அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 96-வது இடத்தைத் தாண்டவில்லை. தனியாக நடத்தத் திட்டமிட்ட இசைச் சுற்றுப்பயணமும் நடக்கவில்லை. 'பாம்பு' என்று பெயர் வைத்து (நம்மூர்ப் பாம்பு அல்ல!) அடுத்த ஆல்பத்தைத் தொடங்கினார். முடிக்க முடியவில்லை. குடி கூடியது, பணம் கரைந்தது, ஸ்டூடியோவும் கைமாறியது. அதற்காக உருவான இரண்டு பாடல்கள் 1979-ல் பீச் பாய்ஸ் ஆல்பத்துக்குப் போயின. மற்றவை டேப்பிலேயே தங்கிவிட்டன.

அதன் பிறகுதான் அந்த டிசம்பர். 1984 ஜனவரியில், அவர் உடல் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. ராணுவத்தில் இல்லாத ஒருவருக்கு அப்படிச் செய்ய அன்றைய அதிபர் ரொனால்டு ரீகன் உதவ வேண்டியிருந்தது.

பாட்டு இருக்கிறது... குரல் இல்லை

'பசிபிக் ஓஷன் ப்ளூ' பல வருடங்கள் கடைகளில் கிடைக்கவில்லை. பழைய பிரதி வைத்திருந்தவர்கள் புதையலைப்போலப் பாதுகாத்தார்கள். 2008-ல்தான், முடிவடையாத 'பாம்பு' பாடல்களையும் சேர்த்து இரண்டு சி.டி-க்களாக அது மறுபடி வெளியானது. 1977-ல் அமெரிக்காவில் 96-ல் நின்ற ஆல்பம், இந்த முறை பிரிட்டனில் முதல் 20 இடங்களுக்குள் வந்தது. கேட்க வேண்டியவர் மட்டும் இல்லை.

பழைய டேப்புகளைத் தேடியபோது ஒரு சிக்கல். 'ஹோலி மேன்' என்ற பாட்டுக்கு இசை முழுவதும் இருந்தது. டென்னிஸின் குரல் இல்லை. ஸ்டூடியோ டேப்பில் ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் தனித்தனித் தடம் இருக்கும். மற்ற தடங்கள் பத்திரமாக இருந்தால், காலியான தடத்தில் இன்னொருவர் பாடலாம். தொழில்நுட்பத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆனால், செத்துப்போன மனிதன் முடிக்காமல் விட்ட பாட்டை இன்னொருவர் முடிப்பது சரியா? 'சரி' என்று சொல்ல அவர் இல்லையே!

ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டெய்லர் ஹாக்கின்ஸை அழைத்தார்கள். அவரும் டிரம்மர்தான். கலிஃபோர்னியாவின் கடற்கரை ஊரில் வளர்ந்தவர்தான். அவர் குரலிலும் அதே மாதிரி ஒரு கரகரப்பு. தன்னைக் காட்டிக்கொள்ளாமல், அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடிப்பதுபோல் பாடிக்கொடுத்தார்.

2022 மார்ச்சில் ஹாக்கின்ஸும் போய்விட்டார். வயது 50. இசைப் பயணத்துக்காகப் போயிருந்த கொலம்பியாவில் மரணம். இப்போது அந்தப் பாட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வாசித்தவரும் இல்லை, பாடியவரும் இல்லை.

மறுவெளியீட்டைத் தயாரித்தவர்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். ஹாக்கின்ஸ் பாடிய வடிவத்தை இரண்டாவது சி.டி-யின் கடைசியில் வைத்தார்கள். முதல் சி.டி-யில், அதே பாட்டை யாருடைய குரலும் இல்லாமல், டென்னிஸ் விட்டுப்போன இசையாகவே வைத்தார்கள். முடித்த பாட்டு வேண்டுமா, முடியாத பாட்டு வேண்டுமா என்பதைக் கேட்பவரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலில் அந்தக் குரல் இல்லாத வடிவத்தைக் கேட்டுப் பாருங்கள். பியானோ நகரும்போது, 'இப்போது பாடப்போகிறார்' என்று காது தானாகவே காத்திருக்கும்.