முறையிடுவது தவறா?

கடந்த வருடம் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரியான மின்னஞ்சல் ஒரே நேரத்தில் வந்தது. நாங்கள் ஒன்றுவிட்ட சகோதரிகள். ஒரே சபையில் வளர்ந்து, ஒரே ஞாயிறு பாடசாலையில் படித்து, இங்கிலாந்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே பாடநெறியில் இரண்டாம் வருடத்தில் இருந்தோம். நாங்கள் சமர்ப்பித்த ஆய்வுகூட அறிக்கைகள் இரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, இருவரும் கூடி எழுதியதாகச் சந்தேகம், வரும் செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழு கூடும் என்று அதில் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் பரீட்சை. உடனே பதில் எழுதி வேறு திகதி கேட்டோம். பதில் வரவில்லை. நாங்கள் பரீட்சை மண்டபத்தில் இருந்தபோது குழு எங்கள் இருவரும் இல்லாமலேயே கூடியது. அடுத்த கிழமை முடிவு வந்தது. அந்த மொடியூல் முழுவதற்கும் பூச்சியம். அடுத்த வருடம் அதைத் திரும்பப் படிக்க வேண்டும், அதற்குரிய கட்டணத்தையும் கட்ட வேண்டும். அறிக்கைகளில் எந்தெந்த வரிகள் ஒத்திருந்தன என்பதைக்கூட யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

இதை எங்கள் சபைச் சஞ்சிகையில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததை வாலிபர் கூட்டத்தில் சொன்னபோது, "எங்களுக்கும் இப்படி ஒன்று நடந்தது, ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டோம்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அதனால் எழுதுகிறோம்.

வீட்டில் செய்தி தெரிந்த அன்று இரண்டு குடும்பமும் ஒரே அறையில் இருந்தது. எங்களில் ஒருத்தியின் அப்பா, "பிள்ளையள், படிப்பிக்கிற ஆக்களோட வழக்குப் பேசி என்ன காணப்போறியள்? கர்த்தருக்கு உண்மை தெரியும், விட்டிடுங்கோ" என்றார். மற்றவளின் அப்பா, "விடேலாது, ஒரு லோயரைப் பிடிப்பம்" என்றார். அன்றிரவு எல்லோரும் போன பிறகு, இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு நடந்தது. ஒரு வீட்டில், "நீ எழுதினதைத்தானே அவள் பாத்து எழுதினவள்? அதைச் சொல்லிப்போட்டு நீ தப்பு." மற்ற வீட்டில், "அவள்தானே தன்ர ஃபைலை உனக்கு அனுப்பினவள்? அவளைச் சொல்லு."

எங்கள் பெற்றோர் கெட்டவர்கள் அல்ல. போரிலும் இடப்பெயர்விலும் எதையெதையோ இழந்து வந்தவர்கள். பிள்ளையின் படிப்பு கைவிட்டுப் போகிறதென்றால் எந்தக் கயிறையும் பிடிப்பார்கள். ஆனால் பல்கலைக்கழகம் எங்களுக்குத் தனித்தனியாகவே கடிதம் எழுதியிருந்தது. ஒருத்தி மற்றவளைக் காட்டிக்கொடுத்தால் ஒருத்தியாவது தப்பலாம் என்ற எண்ணம் எங்கள் இருவர் மனதிலும் வந்து போனது. அதை ஒருவருக்கொருவர் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் எடுத்தது.

மூன்றாம் நாள் மாணவர் ஒன்றியத்தின் ஆலோசனைப் பிரிவுக்குப் போனோம். இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் இப்படி ஒரு பிரிவு உண்டு. பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து தனியாக இயங்குவது, மாணவருக்கு இலவசம். நாங்கள் அதுவரை மாணவர் ஒன்றியம் என்றால் கழியாட்டம் நடத்துகிற இடம் என்றுதான் நினைத்திருந்தோம். அங்கிருந்த ஆலோசகர் எங்கள் கதையைக் கேட்டு முடித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "இந்த அறிக்கையில் நீங்கள் தனியாக எழுதாத பகுதி எது?"

நாங்கள் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு பகுதி இருந்தது. பரிசோதனையை இருவரும் சேர்ந்தே செய்தோம். தரவுகளையும் அட்டவணைகளையும் பகிரலாம் என்று பாடநெறிக் கைநூலிலேயே எழுதியிருந்தது. கலந்துரையாடல் பகுதியை மட்டும் தனித்தனியாக எழுத வேண்டும். சமர்ப்பிக்க வேண்டிய இரவு எங்களில் ஒருத்திக்குக் கடையில் வேலை. பதினொரு மணிக்கு வந்தவளுக்கு மற்றவள் தன் ஃபைலை அனுப்பினாள். "சும்மா பார்" என்றுதான் அனுப்பினாள். இரண்டு பந்திகள் கொஞ்சம் சொல் மாறி அப்படியே போய்விட்டன.

அதைச் சொன்னோம். ஆலோசகர் கோபப்படவில்லை. "உங்களிடம் இருப்பது இரண்டு விடயங்கள். ஒன்று, நீங்கள் செய்த பிழை. மற்றது, அவர்கள் விசாரித்த முறையிலுள்ள பிழை. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமல் போகாது. ஆனால் உண்மையில்லாத ஒரு வரியையும் எழுதாதீர்கள்" என்றார்.

பிறகுதான் முறைமை என்ன என்பது விளங்கியது. பல்கலைக்கழகத்தின் ஒரு முடிவை, அதாவது புள்ளியை, சித்தியை, முறைகேட்டுத் தீர்ப்பை எதிர்ப்பது மேன்முறையீடு. கற்பித்தல் நடக்கவில்லை, மேற்பார்வையாளர் கவனிக்கவில்லை, பாகுபாடு காட்டினார்கள் என்பவை முறைப்பாடு. இரண்டுக்கும் படிவம் வேறு, போகும் வழியும் வேறு. மேன்முறையீட்டுக்கு வழக்கமாக ஏற்கப்படும் காரணங்கள் சில உண்டு: பல்கலைக்கழகம் தன் விதியைத் தானே பின்பற்றவில்லை, நோய், மரணம் போன்ற ஒரு சூழ்நிலையைத் தகுந்த காரணத்தால் முன்னரே தெரிவிக்க முடியவில்லை, முடிவெடுத்தவர் பக்கச்சார்பாக நடந்தார். "எனக்கு 58 போட்டார்கள், 65 போட்டிருக்க வேண்டும்" என்பது அதில் இல்லை. ஒரு விடையின் தரம் என்ன என்று ஆசிரியர் எடுக்கும் கல்விசார் தீர்மானத்தை மேன்முறையீட்டால் மாற்ற முடியாது. ஆனால் புள்ளிகளைக் கூட்டியதில் பிழை, விதி கேட்கும் இரண்டாவது திருத்தம் நடக்கவில்லை, ஒப்புக்கொண்ட மேலதிக நேரம் பரீட்சையில் தரப்படவில்லை என்றால் அவை வேறு கதை.

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குவிதிகளை அன்றுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தோம். விசாரணைக்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்னறிவித்தல் தர வேண்டும், சாட்சியங்களை மாணவருக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது மூன்று வேலை நாள்கூட இல்லை. மேன்முறையீடு செய்ய எங்களுக்கு இருந்ததும் முடிவு வந்த நாளிலிருந்து 10 வேலை நாட்கள்தான். வீட்டில் அழுதும் வாக்குவாதப்பட்டும் அதில் சில நாட்களை ஏற்கெனவே செலவழித்திருந்தோம்.

மிச்ச நாட்களில் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. நடந்தவற்றைத் திகதி, நேரம் போட்டு ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதினோம். திகதி மாற்றக் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல், பரீட்சை அட்டவணை, கைநூலில் தரவு பகிரலாம் என்றிருந்த பக்கம், முன்னறிவித்தல் பற்றிய விதி ஆகியவற்றை இணைத்தோம். முதலில் எழுதிய கடிதம் நான்கு பக்கம். அதில் எங்கள் கண்ணீர், எங்கள் பெற்றோரின் தியாகம், விரிவுரையாளரின் முகபாவம் எல்லாம் இருந்தன. ஆலோசகர் பென்சிலால் பாதிக்கு மேல் கோடு போட்டார். எது நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, அதனால் என்ன பாதிப்பு, என்ன தீர்வு கேட்கிறோம், இந்த நான்குக்கும் பதில் இருந்தால் போதும் என்றார்.

ஒரு விடயம் மிஞ்சியது. அந்த இரண்டு பந்திகளைப் பற்றிக் கடிதத்தில் எழுதுவதா, விடுவதா? யாரும் கேட்கவில்லை. விதி மீறப்பட்டதைச் சொன்னாலே போதும். அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து, எங்கள் வாலிபர் பொறுப்பாளர் அக்காவிடம் போய்ச் சொன்னோம். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லாமல் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார்.

செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளின் கதை எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆண்பிள்ளை இல்லாமல் இறந்த தகப்பனுக்கு உரிய காணி தங்களுக்கும் வேண்டும் என்று, மோசேக்கும் ஆசாரியனாகிய எலெயாசாருக்கும் பிரபுக்களுக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக, ஆசரிப்புக் கூடார வாசலில் நின்று கேட்டவர்கள். அவர்கள் முறுமுறுக்கவில்லை, கூடாரத்துக்குள் இருந்து குறைசொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் போய்க் கேட்டார்கள். மோசே அதைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் பேசுவது நியாயம் என்றே கர்த்தர் பதில் கொடுத்தார். அவர்களுக்கு மட்டுமல்ல, இஸ்ரவேல் முழுவதற்கும் அது நியாயப்பிரமாணமாயிற்று.

ஆனால் அன்று எங்களை நிறுத்தியது வேறொரு வசனம். தங்கள் தகப்பன் கோராகின் கூட்டத்தில் சேர்ந்தவர் அல்ல என்று சொல்லும் அதே வாயால், அவர் தம்முடைய சொந்தப் பாவத்தினால் இறந்தார் என்றும் அந்தப் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். செய்யாததைச் செய்யவில்லை என்றார்கள், செய்ததை மறைக்கவில்லை. அதன் பிறகுதான் காணியைக் கேட்டார்கள்.

அன்றிரவு தனித்தனியாக இரண்டு கடிதங்களை எழுதி முடித்தோம். ஒருத்தி, "அந்த இரண்டு பந்திகளையும் அவளுடையதைப் பார்த்து எழுதினேன்" என்று எழுதினாள். மற்றவள், "என் ஃபைலை நானாகவே அனுப்பினேன்" என்று எழுதினாள். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கடிதங்களை மாற்றி வாசித்தோம். எங்களுக்கிடையே அந்த மூன்று கிழமையாக இருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் இறங்கியது.

மேன்முறையீடு ஏற்கப்பட்டது. முதல் முடிவு இரத்துச் செய்யப்பட்டு, புதியவர்களைக் கொண்ட குழு திரும்பவும் விசாரித்தது. இம்முறை சாட்சியங்களை முன்கூட்டியே தந்தார்கள். ஆலோசகர் எங்களோடு வந்து பக்கத்தில் இருந்தார். ஒத்திருந்த பகுதியில் பெரும்பங்கு, பகிர அனுமதி இருந்த அட்டவணைகளும் முறைகளும்தான் என்று குழு ஏற்றுக்கொண்டது. இரண்டு பந்திகளுக்கும் தண்டனை இருந்தது, இருவருக்கும் ஒரே தண்டனை. கொடுத்ததும் எடுத்ததைப் போலவே பிழை என்றார்கள். அறிக்கையைத் திரும்ப எழுத வேண்டும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் 40க்கு மேல் புள்ளி இல்லை. திரும்ப எழுதினோம். மொடியூலில் சித்தியடைந்தோம். வருடம் தப்பியது. அந்த 40 எங்கள் பெறுபேற்றுப் பத்திரத்தில் இருக்கிறது, இருக்கட்டும்.

பல்கலைக்கழகம் மறுத்திருந்தால் வழி அங்கே முடிந்திருக்காது. உள்ளே இருக்கும் படிகள் எல்லாம் முடிந்ததும், நடைமுறைகள் நிறைவுற்றன என்று ஒரு கடிதம் தருவார்கள். 'கொம்ப்ளீஷன் ஒஃப் புரசீஜர்ஸ்' கடிதம் என்பது அதன் பெயர். அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள், உயர்கல்விக்கான சுயாதீனத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்கு முறையிடலாம். ஓ.ஐ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இயங்குவது. மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை, லோயரும் தேவையில்லை. அவர்களும் புள்ளியைத் திருத்தித் தரமாட்டார்கள். முறை நியாயமாக நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஸ்கொட்லாந்தில் படிப்பவர்களும் வட அயர்லாந்தில் படிப்பவர்களும் அங்கங்குள்ள பொதுச்சேவைகள் ஒம்புட்ஸ்மனிடம் போகவேண்டும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால், முதல் நாளே கெடுதிகதியைப் பாருங்கள். அது சில இடங்களில் 10 வேலை நாள், சில இடங்களில் கூடக்குறைய. தாமதித்த மேன்முறையீட்டை எவ்வளவு நியாயம் இருந்தாலும் ஏற்காமல் விடலாம். ஒன்றையும் அழிக்காதீர்கள், மின்னஞ்சல், வரைவுகள், ஃபைலின் பழைய பிரதிகள் எல்லாம் சாட்சி. முறைகேடு நடந்தது என்று காட்ட வேண்டியது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. உங்களைப் பற்றிய பதிவுகளைக் கேட்டுப் பெறத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமை உண்டு, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடுமுன் சர்வதேச மாணவர் ஆலோசகரையும் பார்த்துவிடுங்கள்.

பெற்றோரே, "விட்டிடுங்கோ" என்று சொல்லுமுன் ஒருதரம் யோசியுங்கள். பெஸ்துவின் முன் நின்ற பவுல் இராயனிடம் மேன்முறையீடு செய்தாரே, அவர் விசுவாசம் குறைந்தவராக இருந்து அப்படிச் செய்யவில்லை. பிள்ளை முறையிடுவதால் ஆசிரியரை அவமதிக்கிறாள் என்று ஆகாது. ஆனால் பிள்ளையிடம் அந்த முதல் கேள்வியை நீங்களும் கேளுங்கள்: "இதில் உன்னுடைய பிழை எது?" அதைக் கேட்டுவிட்டு, பதில் எதுவானாலும் அவளோடு போய் நில்லுங்கள். எங்கள் இரண்டு அப்பாமாரும் இரண்டாவது விசாரணை நடந்த அன்று காலை கட்டடத்தின் வெளியே காரில் இருந்தார்கள். உள்ளே வர அனுமதி இல்லை. நாங்கள் வெளியே வந்தபோது இருவரும் ஒரே காரில்தான் இருந்தார்கள்.

கர்த்தர் உங்கள் படிப்பையும் உங்கள் வாயின் வார்த்தைகளையும் காப்பாராக.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் இரண்டு சகோதரிகள்