விழிஞம்: கப்பலேறும் முன் ஒரு கைச் சோறு

பகல் ஒரு மணி. விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சின்ன ஹோட்டலில் உட்கார இடமில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் அகலமான தட்டுகளில் மசாலா தடவிய மீன்கள் வரிசையாகக் கிடக்கின்றன. மெனு கார்டு என்று தனியாக எதுவும் கிடையாது, தட்டுதான் மெனு. "சேட்டா, இது என்ன மீன்?" என்று கேட்டுவிட்டு விரலை நீட்டினால் போதும், அந்த மீன் எண்ணெய்க்குள் இறங்கிவிடும். வெளியே, அலைதடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், வானத்தை மறைக்கும் கிரேன்களின் கீழே ராட்சசக் கப்பல் ஒன்று பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறது. அதில் வந்தவர்கள் இந்த இலைக்கு முன்னால் வந்து உட்காருவது அபூர்வம்.

கப்பலேறும் முன் எங்கே சாப்பிடலாம் என்பது துறைமுக ஊர்கள் எல்லாவற்றிலும் கேட்கப்படும் பழைய கேள்வி. திருவனந்தபுரத்தில் அந்தக் கேள்வி கொஞ்சம் கோணலாக நிற்கிறது. இங்கே கப்பலுக்குப் பஞ்சமில்லை, ஏறும் பயணிக்குத்தான் பஞ்சம். சொகுசுக் கப்பலில் உல்லாசமாகப் போக நினைப்பவர்கள் ரயிலேறி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போக வேண்டும். 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 'சாகரிகா' பயணிகள் முனையம் கொச்சியில்தான் இருக்கிறது. விழிஞமோ கண்டெய்னர் துறைமுகம். 2015 டிசம்பரில் வேலை ஆரம்பித்து, 2024 ஜூலையில் 'சான் பெர்னாண்டோ' என்ற முதல் தாய்க்கப்பலைப் பார்த்து, அதே ஆண்டு டிசம்பரில் வர்த்தகத்தைத் தொடங்கியது. 2025 மே 2ஆம் தேதி பிரதமர் மோடி வந்து முறைப்படி திறந்துவைத்தார். அடுத்த மாதமே, உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல்களில் ஒன்றான 'எம்.எஸ்.சி. ஐரினா' வந்து நின்றது. சர்வதேசக் கப்பல் பாதை இங்கிருந்து சுமார் பத்துக் கடல் மைல். இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம். கப்பல் கம்பெனிகளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சாப்பாட்டுக் கடைக்காரருக்கு வேண்டியது வேறு. ஒரு கால்பந்து மைதானத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீளமான கப்பலில் இருப்பது இருபது முப்பது பேர்தான். வந்த வேலை முடிந்ததும் அது கிளம்பிவிடும்.

ஆட்கள் நிஜமாகவே ஏறி இறங்கிய காலம் ஒன்று இருந்தது. கோவிட் பரவி, உலகமெங்கும் மாலுமிகள் வீடு திரும்ப முடியாமல் கப்பல்களிலேயே சிக்கிக் கிடந்தபோது, 2020 ஜூலையில் விழிஞம் அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் சற்று நிற்கும். இங்கிருந்து படகில் புது மாலுமிகள் போவார்கள், பழையவர்கள் அதே படகில் கரைக்கு வருவார்கள். 2022 வரை எழுநூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இப்படி ஆள் மாற்றிக்கொண்டன. மாதக்கணக்கில் மண்ணைப் பார்க்கப் போகாத மனிதர்களுக்கு அதுதான் கரையில் கடைசிச் சாப்பாடு. ஆனால் அது பரிசோதனைகளும் தனிமைப்படுத்தலும் நடந்த காலம். இரண்டு எட்டு வைத்தால் மீன் பொரியும் வாசனை. கையில் கிடைத்ததோ பார்சல்.

ஆகவே இன்றைக்குக் கப்பலை வேடிக்கை பார்க்க வருகிறவர்களும், கொச்சிக்குப் போகிற வழியில் ஒரு நாள் தங்குகிறவர்களும்தான் இந்த ஊரின் 'பயணிகள்'. நாகர்கோவில் வழியாக வரும் தமிழர்கள் அதில் கணிசம். அவர்களுடைய நாள் பெரும்பாலும் தம்பானூரில் ஆரம்பிக்கிறது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பஸ் நிலையத்தின் அருகே செங்கல் நிறத்தில் உருளையாக ஒரு கட்டடம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே மாடிப்படியே கிடையாது. சரிவான நடைபாதை சுருள் சுருளாக மேலே ஏறுகிறது, அதன் ஓரமாகவே மேஜைகள். தலைப்பாகை வைத்த பணியாளர்கள் காபி தளும்பாமல் அந்தச் சரிவில் ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு கட்லெட் சொல்லலாம். மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக எட்டிப் பார்த்தால் மதுரைக்காரர்கள் பதற வேண்டாம், இங்கே அப்படித்தான்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. தமிழ் பேசினால் யாரும் திரும்பிப் பார்க்காத தெரு. இங்கேயே கடை வைத்திருந்து, இந்தத் தெருவின் சுமைகூலிகளையும் வியாபாரிகளையும் தமிழ்க் கதைகளுக்குள் கொண்டுவந்தவர் 2021ல் மறைந்த ஆ. மாதவன். சாப்பாட்டு விஷயத்தில் தமிழ் வாசகர்கள் இங்கே தேடி வருவது இன்னொரு பெயரை: கெத்தேல் சாகிப். காசு கேட்காமல் சோறு போட்டு, கொடுப்பதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்ன ஹோட்டல்காரரைப் பற்றி ஜெயமோகன் 2011ல் எழுதிய 'சோற்றுக்கணக்கு' கதையைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். 1949ல் தொடங்கிய ரஹ்மானியா ஹோட்டலில் 'கெத்தேல் சிக்கன்' இன்றும் அவர் பேரைச் சொல்லித்தான் விற்கிறது. சின்னக் கோழி, மொறுமொறுவென்ற மிளகாய்த் தூள், கூடவே சப்பாத்தி. இப்போது பில் உண்டு. கதையின் ஞாபகத்தோடு உள்ளே போகிறவர்களுக்கு அது லேசான ஏமாற்றமாக இருக்கலாம். கோழியைப் பற்றிப் புகார் இருக்காது. மீன் சாப்பாட்டுக்குச் சாலையில் 'முபாரக்' போதும் என்பவர்களும் உண்டு.

சைவர்கள் நகரத்திலேயே வயிற்றைக் கவனித்துக்கொள்வது உத்தமம். தம்பானூர்ப் பக்கம் நல்ல சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன. மஞ்சள் நிறத்தில், கைக்குட்டை போல மெல்லிய போளியின் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது திருவனந்தபுரத்துக்காரர்களின் தனி அடையாளம். போளி தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், பாயசத்தில் அது மூழ்குவதுதான் புதிது.

கிழக்கே கோட்டையில் பஸ் ஏறினால் கோவளம் தாண்டி விழிஞம், சுமார் 16 கிலோமீட்டர். கோவளத்தில் கலங்கரை விளக்கக் கடற்கரை ஹோட்டல்கள் மாலையில் ஐஸ் கட்டி மேல் மீனைப் பரப்பி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, வெளிநாட்டவரை அழைக்கும். அங்கே எடைக்கு விலை. முதலிலேயே கேட்டுக்கொள்ளாதவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி விழிஞத்தில் அதே கடலின் மீன் ஆடம்பரம் இல்லாமல் கிடைக்கிறது. சுத்தமான மேஜை விரிப்பு எதிர்பார்க்கிறவர்கள் கோவளத்திலேயே இறங்கிவிடுவது நல்லது.

விழிஞத்தில் அதிகம் பேர் விசாரித்து வருவது 'உஸ்தாத் ஹோட்டல்'. 2012ல் வந்த மலையாளப் படம் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை, ஆனால் படத்தின் கதை கோழிக்கோட்டில் நடக்கிறது. இங்கே ருசியின் ரகசியம் மீனின் மேலேயே தெரிகிறது: இடித்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. அரைத்து வழவழப்பாக்காமல் இடித்ததால், பொரித்த பிறகு அது மீனிலிருந்து உதிர்ந்து தட்டெல்லாம் சிதறும். அந்த உதிரியைச் சோற்றில் போட்டுப் பிசைகிறவர்தான் உள்ளூர்க்காரர். சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா என்று சொல்லப்படும் மீன் இங்கே நெய்மீன். இறால் கொஞ்சு. சூரை, கணவாய், நெத்திலி இவற்றுக்கு அகராதி தேவையில்லை. மத்தியைச் 'சாளை' என்றால் கன்னியாகுமரிக்காரர் தலையாட்டுவார். வடக்கே மலபாரில் கல்லும்மக்காய் என்று நீட்டிச் சொல்வதை விழிஞம் 'சிப்பி' என்று முடித்துவிடுகிறது. சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, அல்லது வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. கிழங்கோடு குழம்பு சேர்ந்தால் சோறு வேண்டியதில்லை. நெய்மீனுக்கும் பெரிய கொஞ்சுக்கும் அளவைப் பொறுத்து விலை ஏறும். பர்ஸைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சாளையையும் நெத்திலியையும் நம்பலாம். ருசியிலும் அவை இரண்டாம் தரமல்ல.

நிஜமாகவே படகேறப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இத்தனை காரமும் எண்ணெயும் அலையில் வயிற்றுக்குள் சும்மா இருக்காது. வெறும் வயிறும் ஆகாது. இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கஞ்சியோ கிழங்கோ சாப்பிட்டுவிட்டு, மீன் வறுவலைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாப்பிட்டுக் கை கழுவியபின் பார்க்கவும் விழிஞத்தில் விஷயம் உண்டு. ஆய் வேளிர்களின் கோட்டை இருந்த ஊர் இது. பாண்டியன் நெடுஞ்சடையன் இதைப் பிடித்த பெருமையை ஸ்ரீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. பஸ் நிறுத்தத்துக்கு அருகில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை ஒன்று. வீணாதரத் தட்சிணாமூர்த்தி உள்ளே, இருபுறமும் செதுக்கி முடிக்காமல் விட்ட உருவங்கள். துறைமுகத்தின் ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் 'சிந்து யாத்ரா மாதா' ஆலயம். கடல் பயணத்தைக் காக்கும் மாதா. கடலுக்குப் போகிறவர்களுக்கு இங்கே கோயிலும் இருக்கிறது, சோறும் இருக்கிறது.

அந்தச் சோற்றுக்கு மீன் தருகிறவர்கள்தான் நிம்மதியாக இல்லை. திருவனந்தபுரத்தின் பழைய துறைமுகம் வலியதுறை. அங்கே இருந்த முதல் பாலம் 1947ல் ஒரு கப்பல் மோதி அழிந்தது. 1956ல் கட்டிய புதுப் பாலம் 2024ல் அலையில் இரண்டாக உடைந்தது. அந்தக் கரையில் கடல் வீடுகளையும் தின்றுவிட்டதால், மீனவக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடங்குகளில் வசித்தன. விழிஞத்தின் புதிய அலைதடுப்புச் சுவர்தான் கரை அரிப்பைக் கூட்டுகிறது என்று மீனவர்கள் குற்றம்சாட்டினார்கள். துறைமுகத் தரப்பு மறுத்தது. 2022 ஆகஸ்ட் 16ல் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் துறைமுக வாசலில் தொடங்கிய முற்றுகை நவம்பர் இறுதியில் காவல் நிலையத் தாக்குதல் வரை போய், டிசம்பர் 6ல் முடிவுக்கு வந்தது. ஹோட்டல் தட்டில் கிடக்கும் சிப்பிக்கும் இதில் பங்குண்டு. பாறைகளில் முங்கிச் சிப்பி எடுத்தவர்கள், துறைமுகத்தால் பிழைப்பை இழந்ததாக நஷ்டஈடு வாங்கியவர்களின் பட்டியலில் இருக்கிறார்கள். நஷ்டஈடு ஒரு தடவை வரும். சிப்பி வருஷா வருஷம் வளர்ந்துகொண்டிருந்தது.

மோடி துறைமுகத்தைத் திறந்துவைத்த அதே 2025 மே மாதம், விழிஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய லைபீரியக் கொடியுடைய 'எம்.எஸ்.சி. எல்சா 3' வழியில் சாய்ந்து, 25ஆம் தேதி மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கப்பலில் இருந்தவை அறுநூற்றுக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள். அவற்றில் 13ல் ஆபத்தான சரக்கு. அடுத்த நாட்களில் கொல்லத்திலும் ஆலப்புழையிலும் கண்டெய்னர்கள் கரையேறின. திருவனந்தபுரம் கடற்கரைகளில் ஜவ்வரிசி போல வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தன. மீனைத் தின்னலாமா, கூடாதா? வீடுகளில் எழுந்த சந்தேகம் ஏல மணலுக்கு வந்து சேர அதிக நேரமாகவில்லை. பயப்பட வேண்டாம் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஆனால் வயிற்று விஷயத்தில் அமைச்சர் பேச்சைவிட வதந்திக்கு வேகம் அதிகம். அலுமினியப் பாத்திரத்தில் மீனை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போகும் பெண்களிடம் வாங்க ஆள் குறைந்தது. நான்கு மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் அரசு அறிவித்தது. மீன் விற்று அரிசி வாங்குகிறவர்களுக்கு, மீன் விற்காததால் அரிசி. ஜூலையில் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த இன்னொரு கப்பலைப் பிடித்து வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அந்தக் கப்பல் இருந்த இடம் விழிஞம்.

இத்தனையும் நடந்தது தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில். விழிஞத்துக்கு அதுதான் சீசன். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை. சின்னப் படகுகளுக்கு அது பொருந்தாது. மற்றக் கரைகளில் படகை இறக்கவே முடியாதபடி கடல் கொந்தளிக்கும்போது, மலைமுனைகளுக்கு இடையே அடங்கிக் கிடக்கும் விழிஞத்துக்குப் பக்கத்து ஊர்களின் படகுகளும் வந்து சேரும். திருவனந்தபுரத்து வீடுகளின் மழைக்கால மீன் பெரும்பாலும் இங்கிருந்துதான் போகிறது.

கூட்டம் பிறகு திரும்பி வந்தது. தட்டுகளும் நிறைந்தன. இரவு எட்டு மணிக்கு மேல் ஹோட்டல்களில் கல் கழுவுகிற சத்தம் கேட்கும் நேரத்தில், கீழே துறைமுகத்தில் வலைகளையும் தண்ணீர்க் கேன்களையும் படகில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் கப்பலின் விளக்குகளில் கடல் பகல் போல இருக்கிறது. இந்தப் பக்கம் கையில் டார்ச். விடியும்போது படகுகள் திரும்பும். ஹோட்டல்காரர் ஏலம் நடக்கும் மணலில் வந்து நிற்பார். மத்தியானத் தட்டில் என்ன கிடக்கும் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கே தெரியும்.