பெரிய கோயில் நிழலும் என் லட்சம் வியூஸும்

இதழியல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாள்கள். சும்மா இருப்பானேன் என்று இன்ஸ்டாவில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். பழைய கோயில், பழைய ரயில், பழைய விளம்பரம் என எது கிடைத்தாலும் ஒரு படம், நாலு வரி, கடைசியில் ஒரு வடிவேலு மீம். ஃபாலோயர்கள் முந்நூறைத் தாண்டவில்லை. அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள்.

ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கார்டு போட்டேன். 'தஞ்சைப் பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழவே விழாது. தமிழன்டா!' காலையில் எழுந்து பார்த்தால் லட்சம் வியூஸ்!

அந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்கிறீர்களா? பள்ளிக்கூட நாளிலிருந்து காதில் விழுந்ததுதான். எல்லோரும் சொல்கிறார்கள், அப்புறம் என்ன?

அப்பா பாபநாசத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். 'எம் பொண்ணு எழுதுனது' என்று ஒரு வரி சேர்த்து, தனக்குத் தெரிந்த அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் என் கார்டைப் போட்டுவிட்டார். பருப்பு வாங்க வந்தவர்களிடமும் போனைக் காட்டியிருக்கிறார்.

அன்று ராத்திரி போன் செய்தார். குரலில் சுரத்தே இல்லை. "பாப்பா, நம்ம தமிழ் வாத்தியார் குரூப்ல ஒரு போட்டோ போட்டிருக்காரு..."

வாத்தியார் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. படம் மட்டும்தான். சாயங்கால வெயிலில் பெரிய கோயில் பிராகாரம். அதன் குறுக்கே நீளமாகக் கிடந்தது கோபுர நிழல். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள்.

"எம் பொண்ணு விசாரிக்காம எழுத மாட்டான்னு சொல்லியிருக்கேம்மா" என்றார் அப்பா. இதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

பெரிய கூத்து என்னவென்றால், எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். கோடை விடுமுறையில் அந்தக் கோயிலுக்குப் போய், வெயில் தாழும்வரை நாங்கள் உட்கார்ந்திருந்ததே அந்த நிழலில்தான். எழுதிய எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை, அனுப்பிய அப்பாவுக்கும் வரவில்லை!

அப்புறம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். விமானம் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அடி அகலமாக இருந்து, மேலே போகப் போகக் குறுகுகிறது. கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் கட்டடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த நேரத்தில் பார்த்த யாரோ கிளப்பிவிட்டதாக இருக்கலாம். மற்றபடி காலையிலும் மாலையிலும் நிழல் தாராளமாகத் தரையில் விழுகிறது.

வாட்ஸ்அப் வருவதற்கு முன்பும் இந்தக் கோயிலைச் சுற்றிக் கதைகள் உலவின. கட்டியவர் யார் என்பதிலேயே குழப்பம் இருந்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்துச் சொன்ன பிறகுதான், கட்டியவர் முதலாம் ராஜராஜன் என்பது உறுதியானது.

இத்தனைக்கும் விவரம் எல்லாம் சுவரிலேயே இருந்தது! 1010-ல் கட்டி முடிக்கப்பட்ட கோயில் அது. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தேவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறார் ராஜராஜன். அடுத்தவர் போஸ்ட்டைப் பெயர் போடாமல் சுடும் நம் ஆள்கள் கவனிக்க!

என்னை அசர வைத்தது இன்னொரு பட்டியல். கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 ஆடல் பெண்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்று எல்லாமே இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. ஆண்டுக்கு 100 கலம் நெல். குடை பிடிப்பவர், தண்ணீர் தெளிப்பவர், குயவர், முடி திருத்துபவர், தையற்காரர், கணக்கர் எல்லோரும் வரிசையில் வருகிறார்கள். ஒருவர் இறந்துவிட்டாலோ, ஊரை விட்டுப் போய்விட்டாலோ அந்த வேலை யாருக்கு என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கால ஹெச்.ஆர். பாலிசி!

இவ்வளவும் கண்ணெதிரே இருக்க, நான் இல்லாத அதிசயத்தைப் போட்டு லட்சம் வியூஸ் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் பழைய கார்டை எடுத்துவிட்டு, 'நிழல் விழும். விழுந்தது நான்தான்' என்று திருத்தம் போட்டேன். வடிவேலு மீம் எனக்கே பொருந்தியது. கூடவே அந்த 400 பெண்களைப் பற்றி ஒரு கார்டு. வியூஸ் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. ஆனால், ஒரு பரதநாட்டிய டீச்சர் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அந்தப் பெயர்களை எங்கே படிக்கலாம்? என் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டணும்."

இப்போது டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. தினம் நாலு 'உங்களுக்குத் தெரியுமா' எழுத வேண்டியிருக்கிறது. 'அட, செம மேட்டர்' என்று கை பரபரக்கும்போதெல்லாம் அப்பாவின் அந்தக் குரல் கேட்கும். ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் பதிவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பா தஞ்சாவூருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். சாயங்காலம் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. கோபுர நிழலுக்குள் வேட்டி சட்டையில் விறைப்பாக நிற்கிறார். கீழே ஒரே ஒரு வரி.

'எம் பொண்ணு திருத்துனது.'

முதல் லைக், தமிழ் வாத்தியாருடையது.