யாரும் கூட வரக்கூடாத பந்தயம்

வழியில் யாரும் உதவிக்கு வரக்கூடாது என்பதையே விதியாக வைத்து நடக்கும் சைக்கிள் பந்தயங்கள் இருக்கின்றன. எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது அக்கா மகனால்தான். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறான். லீவு கிடைத்தால் மலை சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இங்கே பண்ணைப்புரத்துக்கு வந்துவிடுவான். இந்த ஊர் என்றால் உங்களுக்கெல்லாம் இளையராஜா ஞாபகம் வரும். அவனுக்கு மேற்கே நிற்கிற மலைதான்.

அவன் மனசில் இருப்பது டூர் டிவைட் என்கிற பந்தயம். கனடாவில் பான்ஃப் என்ற ஊரில் கிளம்பி அமெரிக்காவைக் குறுக்கே தாண்டி மெக்சிகோ எல்லை வரைக்கும், சுமார் 4,400 கிலோமீட்டர். பெரும்பாலும் மண் ரோடும் காட்டுப் பாதையும். கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. படுக்கை, துணி, சாமான் எல்லாம் சைக்கிளிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கித் தின்னலாம், லாட்ஜில் ரூம் போடலாம். எல்லாருக்கும் கிடைக்கிறது எதுவும் அவனுக்கும் உண்டு. சொந்தக்காரன் வழியில் நின்று டிபன் பாக்ஸை நீட்டினால் மட்டும் தப்பு.

அதற்குத் தயாராகத்தான் இங்கே 'பிரவே' ஓட்டுகிறான். பிரான்சுக்காரர்கள் போட்ட கணக்கு. 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே போகணும். முதல் ஆள், ரெண்டாவது ஆள் என்று கிடையாது. நேரத்துக்குள் வந்தால் சரி.

முதல் தடவை வந்தபோது சாமானோடு சைக்கிளைத் திராட்சை நிறுக்கிற தராசில் ஏற்றினோம். 26 கிலோ. "மாப்ள, இது சைக்கிளா, குடித்தனமா?" என்று கேட்டேன். களத்தில் படுதாவை விரித்து எல்லாவற்றையும் பரப்பினான். ரெண்டாவது சட்டை போச்சு, தலையணை போச்சு, பெரிய ஸ்பானர் செட் போச்சு. ஆனால் கட்டை விரல் அளவு அலுமினியத் துண்டு ஒன்றை மட்டும் விடமாட்டேன் என்றான். பின்னால் கியரைத் தாங்குகிற துண்டாம். சைக்கிள் ஒரு பக்கமாக விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒரு மாடலுக்குள்ளது இன்னொன்றுக்குச் சேராது. தேனியிலிருந்து மூணாறு வரை எந்தக் கடையிலும் கிடைக்காது. பத்துக் கிராம் இருக்கும். அது இல்லாமல் போனால் நடைதான். கடைசியில் 19 கிலோவில் வந்து நின்றது.

சைக்கிள் சட்டத்துக்கு நடுவில் மாட்டுகிற பையை வெளிநாட்டிலிருந்து வாங்க ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். தேவாரத்தில் ஆட்டோ சீட்டு தைக்கிறவரிடம் அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தோம். ரெக்சினில் தைத்துவிட்டார். ஜிப்பு மட்டும் சொல்லிவைத்து வாங்கினது.

ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் களத்தில் உட்கார்ந்து டயரைக் கழற்றி மாட்டிப் பழகுவான். நம்ம பக்கம் வேலிக்கருவை முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. நிஜப் பஞ்சரே தினம் ஒன்று கிடைத்தது. ஆடி மாசம் வந்தபோது அந்தப் பக்கம் மழை என்று மலைக்குப் போகவில்லை. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில் எதிர்க்காத்தில் போய் வந்துகொண்டிருந்தான். காத்தாடி சுத்துகிற காத்து அது. இறக்கத்திலும் மிதிக்கணும்.

இதற்கிடையில் அக்கா எனக்குப் போன் போட்டாள். "நீயாவது புத்தி சொல்லுடா. அவனுக்கு நீதான் ஏத்தி விடுறேன்னு கேள்விப்பட்டேன்." அக்கா வீட்டுக்காரர் இப்போது இல்லை. ஒரே பையன். அவள் பயத்தை நான் பொய் என்று சொல்ல முடியாது. மைக் ஹால் என்று ஒரு இங்கிலாந்துக்காரர், 2016இல் அந்த டூர் டிவைடை 14 நாளுக்குள் முடித்தவர். அடுத்த வருஷம் மார்ச் 31, ஆஸ்திரேலியாவில் இதே மாதிரி ஒரு பந்தயத்தில், விடியும் முன்னே கார் மோதி இறந்துபோனார். இதை என்னிடம் சொன்னதே மருமகன்தான். அம்மாவிடம் சொல்லவில்லை.

அதனால் தை மாசம் பெரிய பயிற்சி ஒன்று போட்டபோது, அவன் எழுதி வைத்திருந்த நேரக் கணக்கைக் கொண்டா என்றேன். பண்ணைப்புரம், போடி, போடிமெட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், கம்பமெட்டு, கம்பம், திரும்ப வீடு. ஒரு சுற்று 150ஐ ஒட்டி வரும். அதையே தூங்காமல் ரெண்டு சுற்று. கால் கணக்கு, சோத்துக் கணக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ரெண்டாவது சுற்றில் ராத்திரி எட்டு மணிக்குப் போடிமெட்டு, அதற்கப்புறம் பூப்பாறை. அது யானை நடமாடுகிற இடம். 2023இல் கம்பம் டவுனுக்குள்ளேயே வந்து ஆட்டம் காட்டின அரிக்கொம்பன் அந்தச் சின்னக்கானல் பக்கத்து யானைதான். அங்கே தப்பித்தாலும், விடியும் நேரம் கம்பமெட்டு இறக்கம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அப்போதுதான் கீழேயிருந்து ஏறும். ஒவ்வொரு வளைவிலும் எப்படித் திரும்புவார்கள் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். தூங்காத கண்ணோடு எதிரே இறங்குவதாவது!

மூணு பேஸ் கரண்டு ராத்திரியில் வருகிறது என்று மோட்டாருக்குக் காத்துக் கிடக்கிறவன் நான். மூணு மணிக்கு மேல் மனுசன் முழித்திருப்பதாக நினைத்துக்கொண்டே தூங்குவான்.

"ரெண்டாவது சுத்தைத் திருப்பிப் போடு மாப்ள" என்றேன். சாயங்காலம் ஜீப்பெல்லாம் இறங்கின பிறகு கம்பமெட்டு ஏறு. நெடுங்கண்டத்தில் படு. விடிஞ்சு வெளிச்சத்தில் பூப்பாறையைத் தாண்டு. போடிமெட்டுக்கு வரும்போது எட்டரை ஆகும், ஜீப்பு எல்லாம் மேலே போயிருக்கும். அவன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். "தூங்குறதையும் கணக்குல எழுதணுமா மாமா?" என்றான். அதைத்தான் முதலில் எழுதணும் என்றேன்.

காலையில் அஞ்சு மணிக்குக் கிளம்பினான். முதல் சுற்று முடிந்து சாயங்காலம் நாலு மணிக்கு எங்க வாசலைத் தாண்டும்போது, என் வீட்டுக்காரி சொம்பு நிறைய கம்பங்கூழும் வெங்காயமும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். இவன் நிற்கவே மாட்டேன் என்கிறான். "அத்தை, சொந்தக்காரங்க கையால வாங்கக்கூடாது. கடைன்னா வாங்கலாம்." அவளுக்கு முகம் சுருங்கிப்போச்சு. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு, "சரி, இது கடைதான். யார் வந்தாலும் பத்து ரூவா. எடு காசை" என்றாள். காசைக் கொடுத்துக் குடித்துவிட்டுப் போனான். அந்தப் பத்து ரூபாயை இன்னும் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு வந்து சேர்ந்தான். பூப்பாறைக்கு முன்னால் ரோட்டில் யானை லத்தி கிடந்ததாம், ஆவி பறந்ததாம். நெடுங்கண்டத்தில் ஒரு கடைத் திண்ணையில் ஆறு மணி நேரம் தூங்கினதாகச் சொன்னான்.

அக்காவுக்குப் போன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன், லத்தியை விட்டுவிட்டு. கேட்டுக்கொண்டே இருந்தாள். "திண்ணையில குளிருமே, போர்வை கொண்டு போனானா?" என்று மட்டும் கேட்டாள். 19 கிலோவில் போர்வைக்கு இடம் இல்லை. மெல்லிசாக ஒன்று தைக்க முடியுமா என்று தேவாரத்துக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.