பேரில் பாதி

போன மாசம் எங்க பில்டிங் வாட்ச்மேனுக்குக் கழுத்தில் ஆபரேஷன். திருநெல்வேலிக்காரர். கோவண்டியில் ரயிலேறி, குர்லாவில் மாறி, பரேல் கேஇஎம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கழுத்தின் முதல் இரண்டு எலும்பும் நழுவாம இருக்க ஸ்க்ரூ போட்டிருக்காங்களாம்.

வீட்டுக்கு வந்து தேடினா ஆச்சரியம்! இந்த முறையை டாக்டர் அதுல் கோயல், லாஹேரியோடு சேர்ந்து 1994-ல் எழுதியது இதே முனிசிபல் ஆஸ்பத்திரியிலிருந்துதான். 2001-ல் ஜெர்மனியின் ஹார்ம்ஸும் மெல்ச்சரும் ப்ளேட்டுக்குப் பதில் ராட் வைத்து எழுதினாங்க. நல்ல மாற்றம்தான். ஆனா பலரும் 'ஹார்ம்ஸ் முறை'ன்னே சொல்ல ஆரம்பிச்சாங்க. 'கோயல்-ஹார்ம்ஸ்' என்ற பேர் அப்புறம்தான் பரவியது.

டெபாசிட் ஒருத்தருது, வட்டி இன்னொரு கணக்கில் விழுந்தா எங்க பேங்க்கில் கஸ்டமர் சும்மா விடுவாரா?

வாட்ச்மேனிடம் சொன்னேன். "பேரு யாருதா இருந்தா என்ன ஸார், மரத்த கை அசையுதே!" என்றார்.

அவருக்கு அது போதும். எனக்குத்தான் இன்னும் கணக்கு டேலி ஆகலை.