தொட்டிலுக்கு முன்னால் ஒரு டெஸ்ட்

போன வருஷம் ஐப்பசித் திருக்கல்யாணத்துக்குத் திருநெல்வேலி டவுனுக்குப் போயிருந்தேன். காந்திமதி அம்மனைக் கும்பிட்டுத் திரும்பியதும், அண்ணன் மகள் என் கையில் ஒரு ரிப்போர்ட்டைத் திணித்தாள்.

''அத்தை, ரத்தத்துல ஈயம் 58 இருக்குன்னு சொல்லுதாவ!''

கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை தங்கணும் என்று யாரோ கொடுத்த, லேபிள்கூட இல்லாத டப்பா செந்தூரத்தை எட்டு மாதம் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை. நாலாவதாகப் பார்த்த டாக்டர்தான், ''வேற எதுவும் மருந்து சாப்பிடுதீங்களா?'' என்று கேட்டாராம்.

சித்த வைத்தியத்தைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் எங்களுடையது. படித்த வைத்தியர் எழுதித் தருவது வேறு, பேரில்லாத டப்பா வேறு. 2011-12-ல் நியூயார்க்கில் ஆறு கர்ப்பிணிகளுக்கு ஈய நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. ஆறு பேருமே சாப்பிட்டது இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகள்!

மாமியார் சொன்னார்: ''மருந்து ஒரு பக்கம் நடக்கட்டும். பிள்ளை ஒரு பக்கம் உண்டாகட்டும்.''

அங்கேதான் ஆபத்து. ஈயம் கால்சியம் மாதிரி வேஷம் போட்டு எலும்பில் குடியேறிவிடும். வருஷக்கணக்காகக் கிளம்பாது. கர்ப்பத்தில் தாயின் எலும்பு கரையும்போது, அதுவும் சேர்ந்து கரைந்து தொப்புள்கொடி வழியே குழந்தையிடம் போகும். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மாத்திரை, கூடவே துத்தநாகம் போன்ற நல்ல சத்தையும் அள்ளிக்கொண்டு போகும். கர்ப்பிணிக்கு அளவு 45-ஐத் தொட்டால்தான் அந்தச் சிகிச்சையைப் பற்றியே யோசிப்பார்கள். எனவே வைத்தியம் முதலில், பிள்ளை பிறகு.

டாக்டர் வரிசை போட்டுக் கொடுத்தார். முதலில் செந்தூரத்தை நிறுத்து. அடுத்து வீட்டைச் சோதி... ரசம் வைக்கிற ஈயச் செம்பு நிஜமாகவே வெள்ளீயமா, காரீயம் கலந்ததா? பிறகு மாத்திரை, அதுவும் டாக்டர் மேற்பார்வையில் மட்டும். முடிந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று துள்ளக்கூடாது. எலும்பில் இருப்பது மறுபடி ரத்தத்துக்கு வரும். அதனால் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் டெஸ்ட். அதுவரை கருத்தடை. இரும்பும் கால்சியமும் குறையாத சாப்பாடு. மாப்பிள்ளைக்கும் டெஸ்ட் உண்டு. ஈயம் விந்தணுவையும் விடாது.

'டீடாக்ஸ்' என்று பாதத்தில் ஒட்டுகிற பட்டை, பவுடர் எல்லாம் விற்கிறார்களே என்று கேட்பீர்கள். ஒரு டப்பாவால் வந்த வினையை இன்னொரு டப்பாவா தீர்க்கும்?

பொங்கலுக்கு 27. பங்குனியில் 16. இன்னும் இறங்கணும். ''எத்தனை மாசம் அத்தை?'' என்று போனில் அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் என் அம்மா குடத்தோடு படித்துறையில் உட்கார்ந்துவிடுவாள், கலங்கல் தெளிகிற வரைக்கும். அதைத்தான் சொன்னேன்.

''ஆறு எங்கயும் போயிடாது தாயி. தெளியட்டும், மோந்துக்கலாம்.''